துடக்கோடு ஒரு நத்தார்

என் அப்பா பேரின்பநாதன் இருபத்தாறு வருடம் ஒரு கத்தோலிக்கக் கோயிலைத் திறந்து பூட்டினார். அவர் அளவெட்டிச் சைவர். ஞானஸ்நானம் பெறவில்லை. பெறும்படி யாரும் கேட்கவும் இல்லை.

கோயில் பழைய மொன்றியலில், துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் கல் பாவிய தெருவில் இருக்கிறது. சுவர் தொண்ணூறு சென்ரிமீற்றர் தடிப்பு. நான் அளந்திருக்கிறேன். கட்டடங்களுக்கு வெப்பமும் காற்றோட்டமும் வடிவமைப்பது என் தொழில். அப்பாவின் வேலைக்குப் பிரெஞ்சில் பெடோ என்று பெயர். கதவு திறப்பது, கொதிகலனைப் பார்ப்பது, படியில் பனி தள்ளி உப்புப் போடுவது, தரையில் வடிந்த மெழுகைச் சுரண்டுவது, கழிவறை கழுவுவது, மணி அடிப்பது, செத்தவீட்டுப் பூசைக்கு இருக்கை வாங்குகளை நகர்த்துவது. எல்லாம் அதில் அடக்கம்.

1988இல் அகதியாக வந்தார். முதலில் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு ஆறு வருடம் ஜான்-டலோன் சந்தையில் காய்கறிப் பெட்டி தூக்கினார். முதுகு போய்விட்டது. ஒரு கார்த்திகையில், அந்தக் கோயிலில் பழைய குளிர் உடுப்புக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கும் அம்மாவுக்கும் கோட்டு வாங்கப் போனார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கால்மேசோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நடந்து உள்ளே போனார். கோயில் என்றால் அப்படித்தான் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. அப்போதிருந்த கிழட்டுப் பாதிரியார் அந்தக் கால்களைப் பார்த்தார். அடுத்த கிழமை வேலை கொடுத்தார். இந்த நாட்டில் அப்பா தேறிய ஒரே நேர்முகத் தேர்வு அது.

வேலையை அவர் வேலையாக வைத்திருக்கவில்லை. குளிக்காமல் போகமாட்டார். திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு. அன்றைக்கு மட்டும்தான் எங்கள் வீட்டில் மீன். மற்ற நாட்களில் சைவம். பீடத்துப் படிக்கு மேலே சப்பாத்தோடு ஏறியதில்லை. துடக்கு என்றால் கோயில் வாசலே மிதிக்கமாட்டார். எங்கள் ஆட்களிடையே தந்தை வழியில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, சாமி விளக்கு ஏற்றுவதில்லை. 2001இல் அவருடைய சித்தப்பா செத்தபோது முப்பத்தொரு நாள் லீவு கேட்டார். கிழட்டுப் பாதிரியார் காரணத்தை இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டு, கொடுத்தார். ஒரு சைவருடைய துடக்கு கத்தோலிக்கக் கோயிலுக்குப் பொருந்துமா என்று அப்பா யோசித்ததே இல்லை. அதுவும் கோயில். அவ்வளவுதான்.

மார்கழி வந்தால் அவர் வேறு ஆள். டிசெம்பர் எங்களுக்கு மார்கழி, கிறிஸ்மஸ் நத்தார். கீழறையிலிருந்து பாலன் குடிலுக்கான சுரூபங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவருவார். இருபத்திரண்டு சுரூபங்கள், சுண்ணச்சாந்தில் செய்தவை. மாடு மட்டும் நாற்பது கிலோ. எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். பாலன் இயேசு மட்டும் இருக்காது. பாலனை இருபத்துநாலாம் திகதிதான் தொட்டிலில் வைப்பார்கள். அதுவரை பூசை உடுப்புகள் வைக்கும் அலுமாரியில் இருக்கும். அதைச் சுற்றி வைப்பதற்கென்று அப்பா ஒவ்வொரு வருடமும் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் ஒரு புது வேட்டி வாங்குவார். பாவித்த துணியை அதில் போடக் கூடாதாம். கோயில் சபைப் பெண்கள் ஒருநாள் அலுமாரியைத் திறந்து, கரை போட்ட வெள்ளை வேட்டிக்குள் பாலனைக் கண்டு சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் எங்களுக்குச் சொன்னார்.

2017இல் கிழட்டுப் பாதிரியார் போய்ச் சேர்ந்தார். வந்தவர் கொங்கோக்காரர், என் வயது. நல்லவர். ஆனால் காரியம் அவர் கையில் இல்லை, சபையின் கையில். 2022 கார்த்திகையில் சபை அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தது. துப்புரவு வேலையை ஒரு கொம்பனிக்குக் கொடுப்பதா, அவரையே வைத்திருப்பதா என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். அப்பாவுக்கு அறுபத்தைந்து. முந்திய வருடம் படியில் வழுக்கி விழுந்து பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொதிகலன் நின்றுவிட்டது. சனம் கோட்டோடு பூசை கண்டது. அதைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நத்தார் ஒரு முறைப்பாடும் இல்லாமல் போகட்டும், ஜனவரியில் நான் கதைக்கிறேன் என்று பாதிரியார் சொல்லியிருந்தார்.

அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு கர்க்லாண்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில். பிரெஞ்சு அவருக்கு வாசிக்கத் தெரியும். இருந்தாலும் என்னை வாசிக்கச் சொன்னார்.

“தம்பி, என்னை நிப்பாட்டிப் போடுவினமோ?”

மாட்டார்கள் என்றேன். எனக்குத் தெரியாது. ஓய்வூதியம் இருந்தது, சாப்பாட்டுக்குப் பயமில்லை. பயம் வேறு. இந்த நாட்டில் பூட்டும் திறப்பும் அவர் கையில் இருந்த ஒரே இடம் அது. அதைப் பறித்தால் அவர் காலையில் எழும்பமாட்டார் என்று அம்மா சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

மார்கழி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். அலுவலகத்தில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வசீகரன் எடுத்தான். அப்பாவின் ஒரே அண்ணன் தேவதாசனின் மகன்.

“சித்தப்பா போன் எடுக்கிறார் இல்லை, அண்ணை. அப்பா மோசம் போட்டார்.”

கோயிலுக்குள் அப்பா தொலைபேசியை நிறுத்தி வைப்பார். அதனால்தான் சாவுச் செய்தி முதலில் என்னிடம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

கணக்கைப் போட்டேன். அது என் பழக்கம். பெரியப்பாவும் அப்பாவும் 2004இலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தாய் வளவின் வேலித் தகராறு. பதினெட்டு வருடம் கதைக்காத ஓர் அண்ணன். செய்தி காதில் விழுந்தால் அப்பா அந்த நிமிடமே கோயிலை விட்டு வெளியே வந்துவிடுவார். ஜனவரி ஐந்தாம் திகதி வரை திரும்பிப் போகமாட்டார். நத்தாரை முழுதாகத் தவறவிட்ட கிழவனை வைத்திருப்பதா என்று சபை வாக்கெடுக்கத் தேவையே இராது.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழியும் இருக்கிறது. கலியாணம் வைத்த வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். தாலி ஏறிய பிறகுதான் சொல்வார்கள். தெரியாதவருக்குத் துடக்கு இல்லை. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இருபத்தாறாம் திகதி வரை அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வசீகரனிடம் சொன்னேன். அவன் சரி என்றான். பிறகு, “அண்ணை, அப்பா கடைசி ஞாயிறு...” என்று ஏதோ சொல்ல வந்தான். எனக்கு இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். பிறகு நான் எடுக்கவில்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா, பெயர் ஜெகதீஸ்வரி, தொலைபேசியில் அழுதார். அழுது முடித்து, நீ படிச்சனி, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அவருக்குத் துடக்கு. சாமி அலுமாரிப் பக்கம் போகவில்லை. முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டார். அப்பாதான் காலையும் மாலையும் விளக்கு ஏற்றினார்.

“சாமியட்டைப் போக மட்டுந்தான் உனக்கு முழங்கால் நோகுதோ? மூண்டு மாடி ஏறி இறங்கேக்க நோகேல்லை” என்று நக்கலடித்தாராம். அம்மா அதை எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தொலைபேசியை வாங்கி, இலங்கைக்குக் கதைக்கும் செயலியை அழித்தேன். தமிழ் வானொலியை அழித்தேன். இணையப் பெட்டியில் மரண அறிவித்தல் போடும் தளங்களை மறித்தேன். குசினி ரேடியோவின் மின்கம்பி சூடாகிறது, ஆபத்து என்று சொல்லிக் கழற்றிக் காரில் போட்டேன். இருபது நிமிட வேலை. சுத்தமான வேலை.

ஞாயிற்றுக்கிழமை, பதினோராம் திகதி, அப்பா தொலைபேசியை நீட்டினார். “தம்பி, ஒரு ஆளோடை கதைக்க வேணும். இதை ஒருக்கால் பார்த்துத் தா.” புதிதாக ஏதோ மாற்றியிருக்கிறார்கள், நத்தார் முடியப் பார்ப்போம் என்றேன். பதினெட்டாம் திகதியும் கேட்டார். அதையே சொன்னேன். யாரோடு கதைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த மாதம் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். அவர் மறுபடி விழுந்துவிடக் கூடாது. படியில் பனி தள்ளினேன். கொதிகலனின் அழுத்தத்தை நாளுக்கு இரண்டு தரம் பார்த்தேன். மாட்டை நான்தான் தூக்கி வைத்தேன். பீடத்துப் படியில் அப்பா என் கால்களைப் பார்த்தார்; சப்பாத்தைக் கழற்றினேன். எனக்கும் துடக்குத்தான். தெரிந்துகொண்டுதான் ஏறினேன். எனக்கு அது வெறும் சொல். அவருக்கு அது வெறும் சொல் இல்லை என்பது தெரியும். அதையும் தெரிந்துகொண்டுதான் ஏறினேன்.

வெளியே சனம். விமானம் ஏறாமல் ஐரோப்பா பார்க்க வந்தவர்கள். ஒன்ராறியோ, நியூயோர்க், வெர்மொன்ட் என்று கார்த் தகடுகள். கல் தெரு, கல் வீடு, யன்னலுக்கு யன்னல் பச்சை வளையம், தொங்கும் விளக்கு. சூடான சொக்லேட்டைக் குடித்துவிட்டுக் குவளையைக் கோயில் படியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா பொறுக்குவார். ஒரு பெண் படம் எடுக்கும்போது கொஞ்சம் விலகச் சொல்லி அவருக்குக் கையைக் காட்டினாள். கோயில் வேண்டும், பனி வேண்டும், பனி தள்ளுகிற கறுத்த மனிதர் வேண்டாம். அப்பா பனி அள்ளும் சவளையும் எடுத்துக்கொண்டு விலகி நின்றார். அவள் நன்றி சொன்னாள். அப்பா “புவாயோன் நொயெல்” என்றார். ‘ஜுவாயோ நொயெல்’ என்கிற நத்தார் வாழ்த்து அவர் வாயில் அப்படித்தான் வரும். யாரும் திருத்தியதில்லை.

இருபத்துமூன்றாம் திகதி புயல். மழையாய்த் தொடங்கிப் பின்னேரம் உறைந்துவிட்டது. இருபத்துநாலு விடிய நாங்கள் இரண்டு பேரும் படியில் பனிக்கட்டி உடைத்தோம். நாலு மூட்டை உப்பு. பிள்ளைகளுக்கான நத்தார்ப் பூசை பின்னேரம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கு உள்ளே இருபது பாகை. ஒரு மெழுகுதிரி சரிந்து நிற்கவில்லை. பாதிரியார் வந்து, சுற்றிப் பார்த்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜனவரியில் இனி ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாள்.

அப்பா அலுமாரியைத் திறந்து பாலனை எடுத்தார். வேட்டியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு குடிலுக்குப் போனார். பூசைத் தொடக்கத்தில் ஒரு சின்னப் பெண் அதைத் தொட்டிலில் வைப்பாள். அவளிடம் கொடுக்கும்வரை அப்பாதான் வைத்திருப்பார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் சிசிலி வந்தார். பாசையூர்க்காரி, கத்தோலிக்கர். ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை. கோயிலில் பூ அலங்காரம் அவருடையது. அந்த இரண்டு கிழமையும் ரொறன்ரோவில் மகள் வீட்டில் நின்றுவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். தோளில் இருந்த பனியைக்கூடத் தட்டவில்லை. நேரே வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தார்.

“ரேடியோவில கேட்டனான் அண்ணை. எட்டாம் நாள் செலவும் முடிஞ்சுதாம். உங்கட ஆக்கள் துடக்கோடை கோயில் வாசல் மிதியாயினம் எண்டு எனக்குத் தெரியும். எங்கட பாலனுக்காக வந்து நிக்கிறியள். இந்த மனம் ஆருக்கு வரும்?”

அப்பா அவரையே பார்த்தார்.

“ஆர்ரை எட்டு?”

“உங்கட தமையன்... தேவதாசன் மாஸ்டர்.”

சொல்லி முடிக்கும்போதே சிசிலிக்கு விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “எப்ப?”

“ஆறாம் திகதி.”

“கொம்மாவுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். அதைக் கீழே வைக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. தரையில் வைக்கக் கூடாது. பீடத்தில் வைக்க அவர் ஏறக் கூடாது. அப்படியே நின்றார். வாங்குகளில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் இருக்கும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“சிசிலி, பிடி பிள்ளை” என்றார். வேட்டியோடு கொடுத்தார். இடுப்பில் இருந்த திறப்புக் கோர்வையையும் கழற்றி அவரிடமே கொடுத்து, பூசை முடியப் பூட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, “சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியில வா” என்றார்.

கீழறைக் கதவால் வெளியே வந்தோம். அவர் கோட்டு உள்ளே இருந்தது. அதை எடுக்கப் போனேன். “நீயும் போகாதை” என்றார். காரிலிருந்து என் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினார், போடவில்லை. பன்னிரண்டு பாகை உறைநிலைக்குக் கீழே. படியில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. சிலர் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவர் தலையாட்டினார்.

நான் விளக்கினேன். சபை, ஜனவரி, கலியாண வீட்டு வழக்கம், தெரியாதவருக்குத் துடக்கு இல்லை என்பது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். வேலித் தகராறு என்றும் சொன்னேன். பதினெட்டு வருடம் கதைக்காத ஆள்தானே என்றும் சொன்னேன்.

அப்பா முழுதையும் கேட்டார்.

“ஆனியிலயிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறனான்” என்றார். “பூசை முடிஞ்சு சனம் போனாப் பிறகு, கீழ இருந்து. அண்ணைக்குச் சலரோகம் முத்திப் போச்சு எண்டு வசீகரன் சொன்னவன். ரெண்டு ஞாயிறா எடுக்க ஏலாமல் போச்சு. நான் எடுக்கேல்லை எண்டு அவர் கோவிச்சுக்கொண்டு இருப்பார் எண்டு நினைச்சன்.”

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருடம் எங்கள் முன்னால் அண்ணனைத் திட்டிய மனிதர். வெட்கப்பட்டிருப்பார். இப்போது அப்படி நினைக்கிறேன். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு தரவை என்னிடம் மறைத்துவிட்டார் என்று.

உள்ளே பாட்டுத் தொடங்கியது. கதவு சாத்தினார்கள். அப்பா தெருவைக் கடந்து மறுபக்கம் போய் நின்றார். பூசை முடியும்வரை நின்றார். நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து, உடுத்த உடுப்போடு குழாயின் கீழே நின்றார். சாவுச் செய்தி கேட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் தோய்வார்கள். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே அம்மா நிலத்தில் இருந்து அழுதார். அப்பா வெளியே வந்து அவரைத் தாண்டிப் போனார்.

மறுநாள் எங்கள் கோயில் குருக்களிடம் தொலைபேசியில் கேட்டார். தெரியாமல் செய்தவருக்குத் தோஷமில்லை என்றார் குருக்கள். தெரிந்து செய்தவருக்குத்தான். மிச்சத் துடக்குப் பன்னிரண்டு நாள். அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது நான் கணக்குச் சரி என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள். பாதிரியார் பொறுப்பார். வேலை தப்பிவிடும்.

ஜனவரி ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, அப்பா நல்ல சேட்டுப் போட்டு, சிசிலி வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்த திறப்புக் கோர்வையை இடுப்பில் கொழுவினார். நான் காரில் கொண்டுபோனேன். பாதிரியாரின் அலுவலக அறைக்குத் தனியாகப் போகிறேன் என்றார். பதினைந்து நிமிடம். வந்து காரில் ஏறியபோது இடுப்பில் திறப்பு இல்லை.

“முடிஞ்சுது. போவம்.”

சபை முந்திவிட்டது என்று நினைத்தேன். கூட்டமே வைக்காமல் முடித்துவிட்டார்கள். தொழில் ஆணையத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை. மாசியில் ஒரு கொம்பனி வந்தது. செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பேர்.

அதன்பிறகு இரண்டு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னேன். இருபத்தாறு வருடம் உழைத்தவரைத் துரத்திவிட்டார்கள், வெள்ளைக்காரப் புத்தி, கிறிஸ்தவ வேதக்காரப் புத்தி என்றேன். கலியாண வீடுகளில் சொன்னேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

என்னை அவர் ஒரு நாளும் ஏசவில்லை. சாப்பிட்டியோ தம்பி, ரோட்டு வழுக்குதோ, பிள்ளை பள்ளிக்கூடம் போனதோ என்று கேட்பார். அவ்வளவுதான். தொலைபேசி பழுதானால் பார்க் மெற்றோவுக்குப் பக்கத்தில் உள்ள கடைக்குக் கொண்டுபோவார். என்னிடம் தந்ததில்லை. நான் கேட்டும் தந்ததில்லை.

2023 மார்கழியில் என் மகள் பழைய மொன்றியலில் விளக்குகள் பார்க்க வேண்டும், தாத்தாவும் வர வேண்டும் என்று அடம்பிடித்தாள். வந்தார். பிளாஸ்-டார்ம் மெற்றோவுக்கு வெளியே வந்ததும் நின்றுவிட்டார். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எனக்கு இஞ்சை நிற்பதே போதும் என்றார். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு நாங்கள் திரும்பியபோது அதே இடத்தில் நின்றார். யாரோ வைத்துவிட்டுப் போன சொக்லேட்டுக் குவளை ஒன்று கையில் இருந்தது. குப்பைத் தொட்டி தேடிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் ஐப்பசியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆறு கிழமை. கார்த்திகை பத்தொன்பதாம் திகதி ஆஸ்பத்திரியில் போனார். அறுபத்தேழு வயது. கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தரம் தொடங்கினேன். முதல் தரம் தாதி வந்தாள். இரண்டாம் தரம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையா என்று தெரியவில்லை.

செத்தவீட்டு மண்டபத்தின் வாசலில் நத்தார் மரம் வைத்துவிட்டார்கள். கார்த்திகையிலேயே. நாங்கள் அதைத் தாண்டித்தான் பெட்டியிடம் போக வேண்டும். பின்னேரம் கொங்கோப் பாதிரியார் வந்தார். சிசிலியும் கூட வந்தார். பாதிரியாரைக் கண்டதும் எழும்பினேன். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது வாய்வரை வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

பிரெஞ்சில், தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த நத்தாருக்குப் பிறகு சபையில் எல்லோரும் அப்பாவை வைத்திருக்கச் சம்மதித்துவிட்டார்களாம். கூட்டம் வெறும் பேருக்கு. ஜனவரி ஆறாம் திகதி அதைச் சொல்லத்தான் அவர் காத்திருந்தாராம். சொல்லியும் இருக்கிறார். அப்பா கேட்டுவிட்டுத் திறப்புகளை மேசையில் வைத்துவிட்டுப் பேசினாராம். என் அண்ணன் இறந்த செய்தி எனக்கு முதல் நாளே தெரியும். வேலை போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தேன். பதினெட்டு நாள் வரக் கூடாத நிலையில் உள்ளே வந்தேன். பாலனைத் தொட்டேன். இனி இந்தத் திறப்பை நான் வைத்திருக்க முடியாது. இப்படிச் சொன்னாராம்.

கடவுள் இப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை. வீட்டில் யாருக்காவது இது தெரியுமா என்று பாதிரியார் கேட்டாராம். இல்லை, நான் மட்டும்தான் என்றாராம் அப்பா.

“உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்” என்றார் பாதிரியார். அவர் கண் கலங்கியிருந்தது.

சிசிலி அவருக்குப் பின்னால் நின்றார். குடிலடியில் நடந்தது முழுதும் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் “மெர்சி” என்றேன். பாதிரியார் என் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியிடம் போனார்.

“சொல்லன் தம்பி” என்றார் சிசிலி. “பாதர் இஞ்சை தானே நிக்கிறார்.”

“பேந்து சொல்லுறன்” என்றேன்.

“கொப்பர் ஆயுளில ஒரு பொய்தான் சொன்னவர். அதுவும் பாதருக்கு.”

அதைச் சொல்லிவிட்டு அவர் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

போன கிழமை பாதிரியாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த இருபத்துநாலாம் திகதிப் பூசையில் அப்பாவைப் பற்றிப் பேசப் போகிறாராம். வேறு சமயத்தவர் ஒருவர் தன் ஒரே தவறைத் தானே ஒப்புக்கொண்டு இந்த வீட்டின் தூய்மையைக் காத்த கதை. குடும்பமாக வரும்படி கேட்டிருந்தார். அப்பாவின் முப்பத்தொன்று மார்கழி பத்தொன்பதாம் திகதி முடிகிறது. துடக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. பேசப் போவதை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்திருந்தார். பெயர், திகதிகளைச் சரிபார்த்து, ஒரு படத்தோடு திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்.

வாசித்தேன். கோயிலில் வேலைக்குச் சேர்ந்தது 1995 என்று இருந்தது. 1996 என்று திருத்தினேன். மற்றதைத் தொடவில்லை. அனுப்பிவிட்டேன்.